சிவப்புத் துணி கட்டின கண்டு

இல்லை ஐயா, உது சிக்னலுமில்லை கிக்னலுமில்லை. உங்கடை மேசையிலை கிடக்கிற உந்தச் சிவப்புத் துண்டும் வெள்ளைத் துண்டும் தக்காளிக் கண்டிலை, நீங்கள் செடி எண்டுவியள், அதிலை கட்டிக் கிடந்த துணி. நல்லூரான் ஆணை, தக்காளிக் கண்டு. விடியத் துவக்கம் காம்புக் கேற்றிலை நிண்டு, காவல் நிக்கிற உங்கடை சென்றிப் பொடியளுக்கும் இதைத்தான் சொன்னனான். அவைக்கு என்ரை பாஷை விளங்கேல்லை. அப்ப நான் கையை உருட்டி, சின்ன உருண்டை, சின்ன உருண்டை எண்டு காட்டினன். அவை கிரனேட் எண்டு நினைச்சினமோ என்ன கோதாரியோ, துவக்கை நெஞ்சுக்கு நேரை நீட்டிப்போட்டினம்.

ஓம், இருக்கிறன். தண்ணி வேண்டாம் ஐயா. அக்கரையாலை வந்த ஆமியிலை நீங்கள் ஒருத்தர் தமிழ் கதைக்கிறதைக் கேட்டாப்போலைதான் எனக்கு மூச்சு வந்தது. நான் கெதியாக் கதைக்கிறன் எண்டா சொல்லுங்கோ, நிப்பாட்டி நிப்பாட்டிச் சொல்லுறன். சில பேருக்குப் பயத்திலை வாய் கட்டிப்போகும். எனக்கு அவிண்டு போகும். சின்ன வயசிலையிருந்து அப்பிடித்தான்.

என்ரை பேர் மீனாம்பிகை. நேற்றுப் பின்னேரம் ஜீப்பிலை ஏத்திக்கொண்டு வந்தியளே, பரமலிங்கம் எண்டு, அவற்றை மனிசி. கோப்பாய்தான் ஊர். உந்தச் சந்திச் சென்றியிலை இருந்து ஒழுங்கையாலை இறங்க, இடக்கைப் பக்கம் முதல் தோட்டம் எங்கடை. வெங்காயமும் புகையிலையும்தான் செய்யிறம். தக்காளி ஒரு நாலு பாத்தி. அது வித்துச் சீவிக்கிறதுக்கு இல்லை, அது அவற்றை விசர், ஒரு பைத்தியம். அவர் இஞ்சைதானே இருக்கிறார் ஐயா? உயிரோடை... இல்லை, சுகமா இருக்கிறாரோ எண்டு கேட்டனான். இருக்கிறாரோ. சரி. அது போதும். அவரைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான், வேறை ஒண்டுக்குமில்லை.

என்ன? வாயே திறக்கேல்லையோ? ஒரு கேள்விக்கும் மறுமொழி இல்லையோ?

ஆர், எங்கடை ஆளோ? சத்தியமா என்னாலை நம்பேலாமல் கிடக்கு. ஐயா, அந்த மனிசனிட்டைத் தக்காளியைப் பற்றி ஒரு சொல்லுக் கேட்டா நீங்கள் சாப்பாட்டுக்கும் எழும்பேலாது. செத்த வீட்டிலையும் அதைத்தான் கதைக்கும். எங்கடை பெரியம்மான்ரை செத்த வீட்டிலை, பிரேதம் எடுக்கிற நேரம், குருக்களைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு தக்காளிக்குச் சாம்பல் போடுறதைப் பற்றிக் கதைச்ச மனிசன். எனக்கு வெக்கத்திலை எங்கை போய் ஒளிக்கிறதெண்டு தெரியேல்லை. அந்தாள் இஞ்சை வந்து ஊமை மாதிரி இருக்குதாமோ? இது தக்காளிக்குக் கட்டின துணி ஐயா எண்டு ஒரு சொல்லு. அதைச் சொல்லியிருந்தா நேற்றே வீட்டை வந்திருக்கலாம். நான் விடிய விடியப் படலையைப் பாத்துக்கொண்டு குந்தியிருக்கத் தேவையில்லை. வீட்டிலை பிடிக்கிற பிடிவாதத்தை ஆமியிட்டையும் பிடிக்கிறதோ? பேய் மனிசன். வரட்டும், வீட்டை போய் நல்ல பேச்சுக் குடுக்கிறன்.

ஜீப்பிலை ஏறேக்கை என்னைப் பாத்து ஒண்டு மட்டும் சொன்னவர், நீ ஆமிக் காம்புக்கு வராதை, என்ன நடந்தாலும் நீ வராதை, கனகசபாபதியை அனுப்பு எண்டு. கனகசபாபதி எங்கடை பக்கத்து வளவு. போய்க் கேட்டா, தனக்கு மனிசி பிள்ளையள் இருக்கினமாம், வரமாட்டாராம். அவற்றை வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கிற மிசின் பழுதாப்போன நேரம் இரண்டு கிழமையா எங்கடை கிணத்துத் தண்ணி போனது. அதெல்லாம் ஆருக்கு ஞாபகம் நிக்குது? அப்ப நான்தானே வரவேணும்.

சரி, சரி, துணிக்கு வாறன். உந்தத் துணி எப்பிடி உங்கடை கண்ணிலை பட்டதெண்டு எனக்குத் தெரியும். வேலியாலை. முந்தி எங்கடை கிளுவை வேலி ஆள் உயரம். ஒழுங்கையாலை போறவனுக்கு உள்ளை நிக்கிற மாடும் தெரியாது. சென்றிக்கு மறைக்குதெண்டு உங்கடை ஆக்கள் வந்து இடுப்பளவுக்கு வெட்டச் சொல்லிச்சினம். வெட்டினம். வெட்டினாப்போலை எல்லாம் வெளிச்சமாப் போச்சுது. அந்த வேலி நிண்டிருந்தா இந்தக் கரைச்சலே வந்திராது... உங்களைச் சொல்லேல்லை ஐயா. வேலியைச் சொல்லுறன்.

இது எங்கை துவங்கினதெண்டா, எனக்குத் தேவராஜா எண்டு ஒரு தம்பி. எண்பத்து மூண்டிலை கொழும்பிலை கடை எரிஞ்சு, உடுத்த உடுப்போடை கப்பலிலை வந்து இறங்கினவன். பிறகு ஜேர்மனிக்குப் போட்டான். அங்கையிருந்து ஆரோ ஒரு ஆளிட்டை உடுப்புப் பார்சல் குடுத்துவிட்டான். அதுக்குள்ளை ஒரு சின்னக் கடதாசிப் பக்கற். மேலை ஒரு படம், குட்டிக் குட்டித் தக்காளி, முந்திரிகைக் குலை மாதிரி. நீங்கள் திராட்சை எண்டு சொல்லுவியள் என்ன, எங்கடை பக்கம் அது முந்திரிகை. நான் உது ஏதோ பூக்கண்டாக்கும் எண்டு இருந்திட்டன். இவர் பாத்தியிலை போட்டார். முளைச்சுது, தடி நட்டுக் கட்டக் கட்ட ஆள் உயரத்துக்கு ஏறிச்சுது. பழம் எண்டா ஐயா, சொல்லி விளங்காது. பனங்கட்டியைக் கடிச்ச மாதிரி ஒரு இனிப்பு, கடைசியிலை எப்பன், ஒரு துளி, புளி நாக்கு நுனியிலை வந்து போகுமாம். எங்கடை பொடியன், காண்டீபன், அப்ப பள்ளிக்கூடத்தாலை வந்து புத்தகத்தை எறிஞ்சுபோட்டு நேரை பாத்திக்குத்தான். முதல் வருசப் பழம் முழுக்க அவன்ரை வயித்துக்குள்ளைதான் போனது. மற்ற ஆக்களுக்கு ஒரு குலை மிஞ்சேல்லை.

அவனோ? அவன் இஞ்சை இல்லை ஐயா. அவன் ஜேர்மனிக்குப் போட்டான், தம்பியிட்டைத்தான். போன ஆடியோடை போனவன். அங்கை சரியான குளிராம். காது இரண்டும் விறைக்குமாம். ஏதோ பாஷை படிக்கிறானாம். வீட்டிலை இப்ப நானும் அவரும்தான். ரவுண்டப்புக்கு வந்த உங்கடை ஆக்களிட்டையும் சொன்னனான், அவை அலுமாரியையும் திறந்து பாத்திட்டுத்தான் போனவை. நல்ல காலம் அனுப்பினது. நிண்டிருந்தா, இப்ப றோட்டிலை போற பொடியளைப் பிடிச்சு, தலைமயிரை வழிச்சு, கையிலை துவக்கைக் குடுத்து... உங்களைச் சொல்லேல்லை ஐயா. பிடிக்கிறவை நீங்கள் இல்லை, உங்களோடை திரியிற இயக்கக்காரர் எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் ஊரிலை இப்ப ஒரு பொடியனைப் பகலிலை காணேலாது. மீசை முளைச்ச பிள்ளையை வைச்சிருக்கிற தாய்மார் சோறு திண்டு கனநாள். எனக்கு அந்தக் கவலை இல்லை. நான் தக்காளிக்கு வாறன்.

அந்த முதல் பழத்திலை விதை எடுத்து நடாதேங்கோ எண்டு தம்பி சொல்லிவிட்டவன். அது ஹைபிரிட்டாம். இரண்டு சாதியைக் கலந்து எடுத்த விதையாம். அதின்ரை பிள்ளை தாய் மாதிரி வராதாம், ஒவ்வொரு முறையும் கடையிலைதான் வாங்கவேணுமாம். ஜேர்மனிக் கடைக்கு நாங்கள் எங்கை போறது? இஞ்சை நெருப்புப்பெட்டி வாங்கவே வரிசை. நான் சொன்னன், விடுங்கோ, ஊர்த் தக்காளி இருக்குத்தானே எண்டு. பொடியன் மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரிஞ்சான். தேப்பன்காரன் சொன்னார், வராதோ, எப்பிடி வராமல் விடுது எண்டு பாப்பம்.

மற்ற வருசம் அந்தக் கூத்தைப் பாத்திருக்கவேணும் ஐயா. ஒரே பழத்தின்ரை விதை, ஒரே பாத்தி, ஒரே தண்ணி. ஒண்டு மஞ்சளாக் காய்ச்சுது. ஒண்டு ஊர்த் தக்காளி மாதிரிக் கொழுத்து வந்துது. ஒண்டு வாயிலை வைக்கேலாத புளி. ஒண்டு நல்ல உயரமா, வாட்டசாட்டமா வளந்து ஒரு காயும் காய்க்காமல் நிண்டுது, எங்கடை கனகசபாபதி மாதிரி. ஒண்டே ஒண்டிலை மட்டும் தாயின்ரை சாடை எப்பன் இருந்துது. நான் விழுந்து விழுந்து சிரிச்சன். மனிசன் சிரிக்கேல்லை. உள்ளை போய் என்ரை பழைய சிவப்புச் சீலையிலை ஒரு துண்டு கிழிச்சுக்கொண்டு வந்து அந்தக் கண்டிலை கட்டினார். அதுதான் ஐயா உந்தத் துணி. என்ரை சீலை. இஞ்சை பாருங்கோ, கரையிலை மாங்காய்க் கோலம் போட்டிருக்கு. வேணுமெண்டா மிச்சச் சீலையை எடுத்துக்கொண்டு வாறன், கிழிசலோடை கிழிசல் பொருந்துதோ எண்டு வைச்சுப் பாருங்கோ.

சிவப்புக் கட்டினா அது விதைக்கு. அதிலை ஒருத்தரும் பழம் ஆயக்கூடாது. கறிக்கு ஒண்டும் இல்லாட்டிலும் நான் அதிலை கை வைக்கேலாது. வெள்ளை கட்டினா இன்னும் பாக்கவேணும் எண்டு அர்த்தம். குலை சரியா இருக்கும், தோல் தடிப்பா இருக்கும். தோல் சரியா இருந்தா இனிப்புக் காணாது. அப்பிடி. துணி கட்டாததெல்லாம் வேரோடை பிடுங்கி எருக்கும்பியிலை. ஓம், நல்லாக் காய்க்கிறதையும்தான். எனக்கு வயிறு எரியும். காய்ச்சு நிக்கிற கண்டைப் பிடுங்குறியளே, உங்களுக்குக் கண் இல்லையோ எண்டு கத்துவன். அது மனிசன்ரை காதிலை ஏறாது.

சிவப்புக் கண்டிலை பழம் அளவுக்கு மிஞ்சிப் பழுக்கவேணும். பிறகு பிதுக்கிப் போத்திலிலை விட்டு, நுரைச்சு மணக்குமட்டும் வைச்சு, கழுவிச் சாம்பலிலை பிரட்டிக் காயவைக்கிறது. போத்தில் என்ரை குசினியிலைதான். அந்த நாத்தத்துக்கை நிண்டுதான் நான் சோறு காய்ச்சிறது. அடுத்த போகம் அந்த விதை. திரும்பவும் கூத்துத்தான், ஆனால் எப்பன் குறைஞ்ச கூத்து. அதுக்கு அடுத்தது இன்னும் குறைவு. இப்பிடி வருசக்கணக்கா ஐயா. ஒருக்கா ஷெல் விழ நாங்கள் பங்கருக்கை ஓடினம். உள்ளை போய்ப் பாத்தா மனிசன்ரை கையிலை போத்தில். என்ரை தாலிக்கொடி வீட்டுக்கை கிடக்கு, தக்காளி விதை பங்கருக்கை இருக்கு. சொல்லுங்கோ, இது ஆமிக்குக் கண்ணிவெடி வைக்கிற ஆளோ?

ஓம், இந்த முறை சிவப்புக் கூடத்தான். முந்தி ஒண்டு இரண்டு, இப்ப பாத்தி முழுக்கச் சிவப்பு, கோயில் கொடி மாதிரி. அதைத்தான் சொல்ல வாறன். கூத்தெல்லாம் அடங்கி இப்ப எல்லாம் ஒண்டு போலை வருது. ஒண்டு போலை வந்தா எல்லாத்துக்கும் சிவப்புத்தானே கட்டவேணும்? அது ஆருக்கோ காட்டுறதுக்கு இல்லை ஐயா. அந்த மனிசன் சந்தோசத்திலை கட்டினது.

எந்தச் செவ்வாய்க்கிழமை? சந்தியிலை வெடிச்ச செவ்வாயோ?

ஓம். ஓம், அண்டைக்கு விடிய ஒழுங்கைப் பக்கம் சிவப்பு நிண்டதுதான். பிறகு வெள்ளையா மாறினதோ? உங்கடை சென்றி அவ்வளவு வடிவாப் பாத்தவரோ? ஐயா கேளுங்கோ, கோவியாதேங்கோ, எழும்பாதேங்கோ, நான் சொல்லுறன். முதல்நாள் மழை. நினைவிருக்கே, காலமில்லாத காலத்திலை ஊத்தினதே, அந்த மழை. மழை பெய்ஞ்சா பழுத்த பழம் தண்ணியை இழுத்துப் பிளந்துபோகும். ஒழுங்கைப் பக்கத்துக் கண்டெல்லாம் குலையோடை வாய் பிளந்து நிண்டுது. ஜேர்மனித் தாய்க் கண்டு மழைக்கும் பிளக்காது. அப்ப அதுகள் சரிவராது. சிவப்பை அவிட்டு வெள்ளையைக் கட்டிப்போட்டு, பிளக்காமல் நிண்ட கிணத்தடிக் கண்டுக்கு மட்டும் சிவப்பை விட்டவர். உங்கடை ஆக்கள் அந்த நேரம் ஒழுங்கையாலை வந்தவையோ, வரேல்லையோ, தக்காளிக்கை குனிஞ்சா அந்தாளுக்குத் தலையிலை இடி விழுந்தாலும் தெரியாது. அண்டைக்கு ஆரும்... செத்தவையோ? ஒருத்தரோ. எத்தினை வயசு? கடவுளே. அந்தப் பிள்ளையைப் பெத்தவள் எங்கை இருந்து அழுகிறாளோ. ஆனால் அதுக்கும் எங்கடை துணிக்கும் ஒரு தொடுசலும் இல்லை. என்னை எதிலை சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுறன்.

இந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கோ. சென்றியிலை கத்தியாலை கிளறினதிலை கொஞ்சம் நசிஞ்சு போச்சுது, மற்றது நல்லாக் கிடக்கு. உங்களுக்கெண்டுதான் கொண்டு வந்தனான். கிணத்தடிக் கண்டிலை ஆய்ஞ்சது, சிவப்புக் கட்டின கண்டு. அவர் அறிஞ்சா என்னைக் கொண்டுபோடுவார். அறியட்டும். நீங்கள் ஒண்டை வாயிலை போட்டா, ஒரு மனிசன் ஏன் இதுக்காக விசரனா அலைஞ்சான் எண்டு உங்களுக்கே விளங்கும்.

முதல் நானோ? நான் சாப்பிட்டுக் காட்டவேணுமோ?

நஞ்சு கிஞ்சு ஒண்டுமில்லை ஐயா. எனக்குத் தக்காளி ஆகாது, அதுதான். கிரந்தி. வாயிலை வைச்சா உதடு தடிச்சு உடம்பெல்லாம் சொறியும். இவ்வளவு வருசமாத் தக்காளிக்கை சீவிச்சும் ஒரு பழம் நான் திண்டதில்லை. இல்லை, பொய் இல்லை. ஐயோ, அப்பிடிப் பாக்காதேங்கோ. இந்தா, இந்தா சாப்பிடுறன்.

பாத்தியளே? விழுங்கிப்போட்டன். வாயைத் திறந்து காட்டட்டோ? இனி எப்பனாலை சொறியத் துவங்கும், நீங்கள் அதைக் கணக்கெடுக்காதேங்கோ.

அவரோ? அவருக்குக் கிரந்தி இல்லை, சுருட்டு. கண் முழிச்சதிலையிருந்து வாயிலை சுருட்டு, அது அணைஞ்சா வெத்திலை. நாக்கு எண்டு பேருக்கு ஒண்டு கிடக்கு. நான் கறிக்கு உப்புப் போட மறந்த நாளும், நல்லாக் கிடக்கு எண்டு சொல்லிப்போட்டுக் கையைக் கழுவுற மனிசன். இப்பிடி இரண்டு பேர் சேர்ந்து தக்காளி வளக்கிறம். சிரியுங்கோ, சிரியுங்கோ. நீங்கள் சிரிச்சா எனக்கு உயிர் வருது.

போட்டியளோ? மெல்லக் கடியுங்கோ, தெறிக்கும், சேட்டிலை படும்.

இனிக்குதோ? நீங்கள் சொல்லவே தேவையில்லை, முகத்திலை தெரியுது. இன்னொண்டு எடுங்கோ. முழுக்க உங்களுக்குத்தான். ஆ, உங்கடை வீட்டிலையும் தக்காளியோ? திண்டுக்கல் பக்கமோ? அப்பாவும் கமக்காரரோ. அதுதானே பாத்தன். மற்ற ஆக்கள் எண்டா இவ்வளவு நேரம் இந்த விசர்க் கதையைக் கேட்டுக்கொண்டு இருப்பினமே. தோட்டத்திலை வளந்த பிள்ளைக்குத்தான் இது விளங்கும். விதையோ? தாறன் ஐயா, ஏன் தாறேல்லை? சாம்பலோடை முடிஞ்சு தாறன், லீவிலை போகேக்கை அம்மாவிட்டைக் குடுங்கோ. பயப்பிடாதேங்கோ, சிவப்புத் துணியிலை முடியமாட்டன்.

உந்தப் பொடியனிட்டை இப்ப என்ன சொன்னனீங்கள்? கூட்டிக்கொண்டு வரச் சொன்னியளோ? அவரையோ? விடுறியளோ ஐயா?

கொஞ்சம் பொறுங்கோ, எனக்கு அழுகை வருது. நேற்றுத் துவக்கம் அடக்கி வைச்சது. நீங்கள் நல்லா இருப்பியள். உங்கடை பிள்ளை குட்டியள் நல்லா இருக்கும். இன்னும் கலியாணம் கட்டேல்லையோ? கட்டுவியள், தங்கமான பெட்டையாக் கிடைக்கும். வாற வழியெல்லாம், இனி அந்த மனிசனைக் காண மாட்டன் எண்டு நினைச்சுக்கொண்டுதான் நடந்தனான். செருப்பையும் மாறிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறன், இப்பதான் காணுறன்.

வந்திட்டுது ஐயா! அதைச் சொல்ல மறந்துபோனனெல்லோ. தம்பி வராது எண்டு சொன்னது வந்திட்டுது. அச்சொட்டா அந்த ஜேர்மனிப் பழம்தான். போன வெள்ளிக்கிழமைதான் தெரியும். கிணத்தடிக் கண்டிலை முதல் பழம். அவர் ஆய்ஞ்சு, இடுப்புச் சாறத்திலை துடைச்சு, சாமிக்குப் படைக்கிற மாதிரி இரண்டு கையாலையும் குடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறம். ஒவ்வொரு முறையும் புளி கூடவெண்டு துப்புவான், இல்லாட்டித் தோல் சப்பவேண்டிக் கிடக்கெண்டுவான், எங்களுக்கு மனம் விழுந்துபோகும். இந்த முறை கடிச்சான், கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, அம்மா, இதுதான், அதேதான் எண்டான். அந்த மனிசன் சுருட்டை எறிஞ்சுபோட்டு நிலத்திலை குந்தியிருந்து அழுதுது ஐயா, சின்னப் பிள்ளை மாதிரி. நான் வாயைப் பொத்தினன், சத்தம் வெளியிலை போயிடும்...

ஏன் ஐயா பேனையை வைச்சிட்டியள்?

எவனோ?

அவன் எண்டோ சொன்னனான்? அவர். அவர்தான் ருசி பாத்தவர். சுருட்டுக் குடிச்சாலும் ஒரு அளவுக்குத் தெரியும்தானே. இல்லை, கனகசபாபதியின்ரை... இல்லை. அது போன வருசம் ஐயா, அவன் ஜேர்மனிக்குப் போக முன்னம். வெள்ளிக்கிழமை எண்டு வாய் தவறிச் சொல்லிப்போட்டன். பயத்திலை எனக்கு நாள் கிழமை மாறிப்போச்சுது. நான் சொன்னனானெல்லோ, எனக்கு வாய் அவிண்டு போகும் எண்டு. சும்மா சொல்லுறது. நான் சொல்லுறதிலை பாதி சும்மா.

ஐயா, என்னைப் பாருங்கோ. ஜீப்படியிலை நிக்கிறவையைப் பாக்காதேங்கோ, என்னைப் பாருங்கோ.

கடவுளே. இப்பதான் எனக்கு விளங்குது. அந்த மனிசன் ஏன் வாய் திறக்கேல்லை எண்டு இப்பதான் விளங்குது. தக்காளி எண்டு துவங்கினா ருசியிலைதான் வந்து முடியும். ருசி எண்டா ஆர் பாத்தது எண்டு கேப்பியள். அந்த முதல் பழத்தின்ரை ருசி தெரிஞ்ச நாக்கு இந்த ஊரிலை ஒண்டுதான் இருக்கு. அதுக்குத்தான் அது ஊமை மாதிரி இருந்தது. அதுக்குத்தான் என்னை வராதை எண்டது. நான் வாற வழி முழுக்க அந்த மனிசனைத் திட்டிக்கொண்டு வந்தனான்.

அவன் ஒரு இயக்கத்திலையும் இல்லை ஐயா. படிக்கிற பொடியன். துவக்கு எண்டு ஒண்டைத் தொட்டதில்லை. வெயிலைக் கண்டு மாசக்கணக்கு, உடம்பெல்லாம் வெளிறிப்போய்க் கிடக்கு. தேப்பன்காரன் கொண்டுபோய்க் குடுக்கிற பழத்தைக் கடிச்சு, இது அதுவோ இல்லையோ எண்டு சொன்னதை விட அந்தப் பிள்ளை இந்த வருசம் ஒண்டும் செய்யேல்லை. எங்கை எண்டு என்னட்டைக் கேக்காதேங்கோ. உங்களைக் கும்பிட்டன், கேக்காதேங்கோ. நீங்களும் ஒரு கமக்காரன்ரை பிள்ளை. உவை ஏன் இப்ப ஜீப்பை ஸ்டாட் பண்ணுகினம்? நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே. நீங்கள் வாய் திறக்கவேயில்லை, அவை ஏன் ஸ்டாட் பண்ணுகினம்?

உந்தா வாறார். சேட்டுப் பொத்தானை மாறிப் பூட்டிக்கொண்டு வாறார். கண்டிட்டார் என்னை. பாருங்கோ ஐயா, சிரிக்கிறார். தான் வெண்டுபோட்டன் எண்டு நினைச்சுச் சிரிக்கிறார். எனக்கு உதடு தடிக்கத் துவங்கிட்டுது, கண்டால் கேப்பார், ஏன் தக்காளி திண்டனி எண்டு கேப்பார். நான் என்னத்தைச் சொல்ல? கிட்ட வந்திட்டார். ஐயா, நான்தான் சொன்னனான் எண்டு மட்டும் அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ.